மாமியார் கண்ணால் படித்த சாமி

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம், மைசூர் விஜயநகரில் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் சாமி ஒருவர் வந்து இறங்கினார். அவரைப் பார்க்கக் கண் திறந்திருந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்கள்.

சாமியின் பெயர் திவ்யநேத்திரர். முதலில் அவர் குடியேறியது ஓய்வுபெற்ற கணேஷ்குமார் சார் வீட்டுக் கார் ஷெட்டில். சாமி உள்ளே வந்ததும் கார் வெளியே போய் மழையில் நின்றது. இரண்டாவது வாரம் ஷெட் போதாமல் தெருவில் ஷாமியானா போட்டார்கள். மூன்றாவது வாரம் கல்யாண மண்டபமே பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்துக்கு வெளியே ஸ்கூட்டர்கள் நின்ற வரிசையைப் பார்த்து, உள்ளே ஏதோ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துச் சான்றிதழ்களோடு வந்து நின்ற பட்டதாரிகளும் உண்டு.

சாமியின் சித்தாந்தம் எளிமையானது. செத்தவர் எமலோகத்துக்கு நடந்து போகவேண்டும். வழியில் ஏகப்பட்ட வளைவுகள். கண்ணைத் தானம் செய்துவிட்டவருக்கு வளைவு தெரியாது. தடவித் தடவி மறுபடியும் சொந்த வீட்டுக்கே வந்து சேர்ந்துவிடுவார். அங்கே பாத்திர பண்டங்களில் இடித்துக்கொண்டு திரிவார். அது போதாதென்று அடுத்த ஏழு பிறவிக்கும் குருடு. எமலோகத்து வளைவுகளை எண்ணிவிட்டு சாமி எப்படித் திரும்பி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதையில்லை.

இதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். சிஷ்யை தேவம்மா அவர் இரண்டு கண்களிலும் பஞ்சு வைப்பாள். பஞ்சின்மேல் பிசைந்த மைதாமாவை அப்புவாள். அதன்மேல் கறுப்புத் துணியை ஏழு சுற்று சுற்றுவாள். பக்தர்கள் ரேஷன் கார்டு, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை என்று எதையாவது அவர் நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பார்கள். சாமி மூக்கை லேசாகத் தூக்கி, மூச்சை இழுத்து, கடகடவென்று படித்துவிடுவார். படிப்பது தானல்ல, கண்ணில்லாமல் தவித்துத் தன்னிடம் அடைக்கலம் வந்த ஆத்மாக்களின் கண்கள் என்பார். ஒரே ஒரு நிபந்தனை. எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். ஆத்மாக்களுக்கு வயதாகிவிட்டதாம்.

பரிகாரமும் உண்டு. வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி கொண்டுவந்து சாமியின் பித்தளைக் குடத்தில் போட்டால், போனவருக்குப் போன கண் போய்ச் சேரும். கண்தானத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இன்னும் உயிரோடு இருப்பவர்கள், அந்த அட்டையை ஓமகுண்டத்தில் போட்டுவிட்டால் தப்பித்தார்கள். அந்த மாதம் மைசூரில் வெள்ளிக் கண்மலருக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது.

இப்படி நம்பியவர்களில் அய்யாசாமி மேஸ்திரியும் ஒருவர்.

அய்யாசாமிக்கு ஊர் கொள்ளேகால் பக்கம், தமிழ் பேசும் மார்டள்ளி. இருபது வருடத்துக்கு முன் ஒரு கரணையும் மட்டப்பலகையுமாக மைசூருக்கு வந்தவர். விஜயநகரில் பாதி வீடுகள் அவர் கட்டியவைதாம். கணேஷ்குமார் சார் வீடும் அதில் ஒன்று. சுவர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மனுஷன் சாய்ந்திருந்தால் மட்டும் அவருக்குத் தெரியாது.

அவருடைய மாமியார் பாப்பம்மாள் போன பங்குனியில்தான் காலமானார். சாவதற்கு ஒரு வருடம் முன்பு, மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கண்தான முகாம் நடந்தது. டீயும் மேரி பிஸ்கட்டும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன பாப்பம்மாள், பிஸ்கட்டைத் தின்றுவிட்டுச் சும்மா வருவது நன்றாயிருக்காது என்று ஒரு கைநாட்டும் வைத்துவிட்டு வந்தார். ஆனால் வைத்தபிறகு அதில் உறுதியாக இருந்தார். தான் செத்த அன்றைக்கு மறக்காமல் போன் செய்யும்படி மகள் மகேஸ்வரியிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பார். மகேஸ்வரியும் அப்படியே செய்தாள். டாக்டர்கள் வந்தார்கள், அரைமணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். அய்யாசாமி சைட்டிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது மாமியார் மதியத் தூக்கம் போடுபவர் மாதிரி இமை மூடிக் கிடந்தார். அப்போது அய்யாசாமிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

திவ்யநேத்திரர் ஊருக்கு வந்த பிறகுதான் வீட்டு அடுக்களையில் பாத்திரம் உருளத் தொடங்கியது.

மகேஸ்வரி அது பூனை என்றாள். பூனையைக் கையால் பிடித்துக் கொண்டுவந்தும் காட்டினாள். அய்யாசாமி ஒப்பவில்லை. பூனை உருட்டினால் கடகடவென்று கேட்கும், இது கணகணவென்று கேட்கிறது என்று நுணுக்கம் பேசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்.

வாசலில் தேவம்மா ஒரு நோட்டில் வருகிறவர்களின் பெயர், ஊர், இறந்தவர் பெயர், என்ன கஷ்டம் என்று எழுதி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் சாமி, "பாப்பம்மா பந்திதாளே" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, பாப்பம்மாள் வந்திருக்கிறாள் என்று தமிழிலும் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று அய்யாசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. நோட்டு அவர் நினைவுக்கே வரவில்லை. சாமி பாப்பம்மாளின் கண்ணால் அன்றைய கன்னடப் பேப்பரின் தலைப்புச் செய்தியைப் படித்துக் காட்டினார்.

கூட்டம் கும்பிட்டது. மகேஸ்வரி மட்டும் எழுந்து நின்றாள்.

"எங்கம்மாளுக்குக் கைநாட்டுத்தானுங்களே சாமி. தமிழ் எழுத்தே தெரியாது. கன்னடப் பேப்பரை எப்படிங்க படிச்சா?"

இறந்தபிறகு எல்லா பாஷையும் வந்துவிடும் என்றார் சாமி. அய்யாசாமி மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்போது அவருக்குப் பயம் இரட்டிப்பாகியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மாமியாரையே அவரால் சமாளிக்க முடிந்ததில்லை.

வெள்ளிக் கண்மலர் வாங்கிப் போட்டார். பாத்திரம் உருளுவது நிற்கவில்லை. போய்க் கேட்டதற்கு, கண்மலர் சின்ன அளவு, பாப்பம்மாளுக்குப் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. பெரிய அளவில் வாங்கிப் போட்டார். பூனை அந்த வாரம் இரண்டு சட்டியை உடைத்தது.

இந்த நேரத்தில்தான் அஞ்சலைக்கு மிச்சமிருந்த ஒரு கண்ணும் மூடிக்கொண்டது.

அஞ்சலை அவரிடம் எட்டு வருடமாகச் சித்தாள் வேலை பார்த்தவள். ஹனூர் பக்கத்துப் பெண். ஆனி கடைசியில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் குடிபோகவேண்டும் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்த, அய்யாசாமி அஞ்சலையை அவசரப்படுத்தினார். கொதித்துக்கொண்டிருந்த தொட்டியை அவள் வேகமாகக் கிளறினாள். சுண்ணாம்பு முகத்தில் தெறித்தது. இடது கண் அன்றைக்கே போய்விட்டது. வலது கண்ணில் கொஞ்சம்தான் பட்டது. அது முதலில் நன்றாகத்தான் தெரிந்தது, பிறகு நாளாக நாளாக மேலே வெள்ளை படர்ந்து மூடிக்கொண்டது. இப்போது அவளுக்கு வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் தெரியும்.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் தோல்தான் வெந்துபோயிருக்கிறது, யாராவது இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்து வைத்துத் தைத்தால் வலது கண் திரும்பக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் பெயரை எழுதிவைத்தார்கள். ஆடி போய் ஆவணி வந்தது. கண் வரவில்லை. அய்யாசாமி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப்போன ஒருநாள் நர்ஸ் சலித்துக்கொண்டாள். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு வீட்டிலிருந்தாவது போன் வருமாம். இப்போது போன் அடித்தால், என் பெயரை வெட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் அடிக்கிறார்களாம்.

அய்யாசாமிக்கு ஆரஞ்சுப் பழம் கையில் கனத்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மண்டபத்தில் இருபத்தேழு கண்தான அட்டைகள் எரிந்தன. அவரும் கூட நின்று கற்பூரம் காட்டியிருந்தார்.

ஆனாலும் சாமிமேல் சந்தேகம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்தது. சாமியிடம்தான் அத்தனை ஆத்மாக்களின் கண் இருக்கிறதே, அதில் ஒன்றை அஞ்சலைக்குக் கேட்டு வாங்கினால் என்ன? இவ்வளவு எளிய வழி இருக்கும்போது டாக்டர்கள் ஏன் போனுக்குக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்கு வியப்பாகக்கூட இருந்தது.

அஞ்சலையிடம் போய்ச் சொன்னார். அவள் சிரிக்கவுமில்லை, கும்பிடவுமில்லை. துணியை எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டாள். மூக்கின்மேல் ஏறிக் கட்டுவார்களா, மூக்குக்கு மேலே நிற்குமா என்று கேட்டாள். காகிதத்தை எங்கே பிடிப்பார்கள் என்றாள். நெஞ்சுக்கு நேரே என்றார் அய்யாசாமி. முகத்துக்கு நேரே பிடிக்கமாட்டார்களா என்று மறுபடி கேட்டாள். இல்லை, நெஞ்சுக்குத்தான் என்றார்.

"ஞாயித்துக்கெழம என்னையக் கூட்டிட்டுப் போங்கண்ணா" என்றாள் அஞ்சலை.

ஆட்டோவில் போகும்போதுதான் காரணத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரம் அவளுக்கு இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டுப்போட்டிருந்தார்கள். வலது கண்ணில் அப்போது பார்வை இருந்தது. கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மூக்கு ஓரத்தில் ஒரு சந்து இருந்தது. அது வழியாக நர்ஸின் செருப்பு தெரிந்தது. தட்டில் இருந்த இட்லி எத்தனை என்று தெரிந்தது. மடியில் பிரித்துவைத்த பொட்டலக் காகிதத்தில் இருந்த எழுத்துகூடத் தெரிந்தது. நிமிர்ந்து எதிரே நிற்பவர் முகம் மட்டும் தெரியவில்லை.

"மூக்கு இருக்கற வரைக்கும் துணி ஒட்டாதுங்கண்ணா. ஏழு சுத்து சுத்தட்டும், எழுபது சுத்து சுத்தட்டும்."

அய்யாசாமிக்கு உள்ளுக்குள் ஏதோ ஆட்டம் கண்டது. ஆனாலும் அவர் வாயில் வந்தது, சாமியைச் சோதிப்பது பாவம் என்பதுதான். சோதிக்க இல்லை, கண் கேட்கத்தானே போகிறோம் என்றாள் அவள்.

மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் தேவம்மா ஆளுக்கொரு வாழைப்பழம் பிரசாதம் கொடுத்து உள்ளே அனுப்பினாள். கணேஷ்குமார் சார் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் அரசாங்க ஆபீசில் பைல் பார்த்தவர். எதையும் முறைப்படி கேட்பார், எதைக் கேட்பது என்று மட்டும் தெரியாது. சாமி கண்கட்டோடு ஒரு கல்யாணப் பத்திரிகையையும் ஒரு டெலிபோன் பில்லையும் படித்து முடித்திருந்தார்.

அய்யாசாமி அஞ்சலையின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார். கூட்டம் உச்சுக்கொட்டியது.

"சாமி, உங்ககிட்ட நெறையக் கண்ணு வந்து சேந்திருக்குதாமுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும்" என்றாள்.

சாமி அசந்துபோனார். இதுவரை அவரிடம் எல்லாரும் கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள், கேட்க யாரும் வந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவை சூட்சுமக் கண்கள், உடம்பில் ஒட்டாது, படிக்க மட்டும்தான் பயன்படும் என்றார்.

அப்படியென்றால் எனக்காக ஒன்று படித்துக்காட்டுங்கள், கேட்டுவிட்டாவது போகிறேன் என்றாள் அஞ்சலை. கையால் தடவி, பூ வைத்திருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தைக் கண்டுபிடித்தாள். பூவைக் கீழே கொட்டினாள். "இதை மோவாய்க்குக் கீழே வச்சுப் புடிச்சுக்கோங்க சாமி. கழுத்தோட ஒட்டினாப்பல. அப்பறம் படிங்க."

சாமி கையை நீட்டவில்லை. பித்தளை ஆத்மாக்களுக்கு ஆகாது என்றார்.

"குடம் பித்தளைதானுங்களே" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. மகேஸ்வரியின் குரல். கணவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே டவுன் பஸ்ஸில் வந்துவிட்டிருந்தாள்.

கணேஷ்குமார் சார் இதைச் சாமிக்குச் செய்யும் ஏதோ புதுச் சடங்கு என்று நினைத்துக்கொண்டார். "ஒள்ளேது, நல்லது, ஆகட்டும்" என்று எழுந்து போய், தாம்பாளத்தைத் தன் கையாலேயே சாமியின் மோவாய்க்குக் கீழே பொருத்திப் பிடித்துக்கொண்டார். சாமியின் தலை தட்டில் வைத்த பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"அண்ணா, கையில இருக்கறதைச் சாமி நெஞ்சுக்கு நேராக் காட்டுங்க" என்றாள் அஞ்சலை.

அய்யாசாமி சட்டைப்பையில் ரேஷன் கார்டு வைத்திருந்தார். அதை எடுக்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கையில் இருந்ததைத் தாம்பாளத்துக்குக் கீழே, சாமியின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். கையில் இருந்தது பிரசாதமாக வந்த வாழைப்பழம்.

மண்டபம் முழுக்க அந்த வாழைப்பழத்தைப் பார்த்தது. அந்த நிமிஷம்கூட அய்யாசாமி சாமிக்காகத்தான் வேண்டிக்கொண்டார். சாமி, வாழைப்பழம் என்று சொல்லிவிடுங்கள், வேறொன்றும் வேண்டாம், என்று மனசுக்குள் கெஞ்சினார். இரண்டு ஜோடி வெள்ளிக் கண்மலர், மாமியார் பட்ட பாடு, தான் காட்டிய கற்பூரம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன.

சாமி மூக்கைத் தூக்கினார். பித்தளை தெரிந்தது. தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். தட்டும் கூடவே சாய்ந்தது. கணேஷ்குமார் சார் கடமையில் தவறாதவர். கடைசியில் சாமி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்.

"இது ஒரு கடிதம். அரசாங்கக் கடிதம்."

மண்டபத்தில் சத்தமே இல்லை. பயபக்தி என்று எண்ணிக்கொண்ட சாமிக்குத் தைரியம் வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். கீழே வட்டமாக ஒரு முத்திரை இருக்கிறது என்றார். சீக்கிரம் நல்ல பதில் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தாம்பாளத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று கணேஷ்குமார் சாருக்கும் தெரியவில்லை. பழக்க தோஷத்தில், "எந்த இலாகா, ஸ்வாமி?" என்று கேட்டார்.

"ரெவின்யூ" என்றார் சாமி.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அடுத்த நொடி மண்டபமே சிரித்தது. கணேஷ்குமார் சார் குனிந்து பார்த்தார், வாழைப்பழத்தைப் பார்த்தார், தாம்பாளத்தைக் கை நழுவவிட்டார். அது மேடையில் விழுந்து கணகணவென்று உருண்டது. அய்யாசாமி அந்த அரசாங்கக் கடிதத்தை உரித்து மெதுவாகத் தின்றார்.

சாமி கட்டை அவிழ்த்துக்கொண்டு, வாழைப்பழம் சாத்வீகப் பொருள், அது ஆத்மாவின் கண்ணுக்குக் கடிதமாகத்தான் தெரியும் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். அப்படியானால் இதையும் பாருங்கள் என்று ஒருவர் ரேஷன் கார்டை நீட்டினார், சாமியின் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து. இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் பஸ் டிக்கெட்டை நீட்டினார். அதற்குமேல் சாமிக்கு இமயமலையிலிருந்து அவசர அழைப்பு வந்துவிட்டது. அழைப்பு கொள்ளேகால் பஸ்ஸில் ஏறிப் போகும்படி இருந்திருக்கவேண்டும். அன்று சாயங்காலம் அந்த பஸ்ஸில் அவரையும் தேவம்மாவையும் பித்தளைக் குடத்தையும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மறுநாள் விஜயநகரில் விசாரித்தால், சாமியை நம்பியவர் என்று ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. எல்லாரும் முதல் நாளே சந்தேகப்பட்டவர்கள்தாம். வேடிக்கை பார்க்கத்தான் போனார்களாம்.

அய்யாசாமி அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் நம்பினேன், முட்டாள்தனமாக நம்பினேன் என்று கலவை போடுகிற இடத்திலும் டீக்கடையிலும் வெட்கமில்லாமல் சொன்னார். அட்டையை எரித்தவர்களில் தனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய்த் திரும்ப எழுதிக்கொடுக்கச் சொன்னார். சிலர் எழுதினார்கள். சிலர், சாமி பொய்யாக இருக்கலாம், ஆனால் ஏழு பிறவிக் குருடு என்பது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்றார்கள். கணேஷ்குமார் சாருக்கும் அதே சந்தேகம். கண்ணில்லாமல் எரித்தால் அடுத்த பிறவியில் கண்ணில்லாமல்தானே பிறக்கவேண்டும் என்று லாஜிக் பேசினார்.

"ஏனுங் சார், மிச்சம் ஒடம்பை என்ன பண்றோம்? எரிச்சுச் சாம்பலாக்கிக் காவேரியில கரைக்கிறோம். அப்ப அடுத்த பொறப்புல எல்லாரும் சாம்பலாத்தானுங்க பொறக்கணும்?" என்று கேட்டார் அய்யாசாமி.

கணேஷ்குமார் சார் இரண்டு நாள் யோசித்தார். பிறகு பைல் பார்ப்பது மாதிரி கண்தான பாரத்தை மேலிருந்து கீழ்வரை மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. யாருடைய வீட்டிலிருந்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, அஞ்சலையும் கேட்கவில்லை. கட்டைப் பிரித்த நாளில் அய்யாசாமி கட்டிலுக்கு எதிரே போய் நின்றார். அவரை அவள் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மீசை நரைத்துவிட்டதே அண்ணா என்றாள். அய்யாசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

திவ்யநேத்திரர் சும்மா இருக்கமாட்டார். வேறு ஊரில், வேறு பெயரில், வேறு எதையாவது கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கேயும் வெளியே ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கும். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணைத் தானம் செய்யுங்கள், அதுவும் செத்த பிறகு. மூளையை மட்டும் உயிரோடு இருக்கும்போதே தானம் செய்துவிடாதீர்கள். அதை வாங்கிக்கொண்டவன் எவனும் இதுவரை யாருக்கும் பொருத்தியதில்லை.